குழாயடியில் கழுவ வேண்டாம்: முகாமில் பொதுக் குழாயும் பாத்திரம் கழுவிய தண்ணீரும்

கூடாரமிட்டுத் தங்கும் முகாமில் ஒரு பொதுக் குழாய் எப்படிப் பாழாகிறது என்று பார்க்க வேண்டுமா? விடுமுறை நாளில், காலைச் சாப்பாடு முடிந்த நேரத்தில் அதன் அடியைக் குனிந்து பாருங்கள். விடியலில் வெறும் ஈரமாக இருந்த சரளைமேல் நூடுல்ஸ் துண்டுகள், கருகிய முட்டைச் செதில், தேயிலைச் சக்கை. கற்களுக்கு நடுவே தேங்கிய தண்ணீரில் எண்ணெய் வானவில்லாகப் படர்ந்திருக்கும். வெயில் ஏறியதும் குளவி மொய்க்கும், இருட்டியதும் எலி வரும். மறுநாள் குடிநீர் பிடிக்க வருகிறவர் அந்தச் சகதியில் கேனை இறக்கி வைப்பார். நிரம்பியதும் அதே கேனைக் கொண்டுபோய்ச் சமையல் மேசைமேல் வைப்பார்.

இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வீட்டுப் பழக்கம் அப்படி. வீட்டில் குழாயும் வடிகாலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தண்ணீர் வந்த இடத்திலேயே போயும் விடுகிறது. முகாமில் குழாய் இருக்கும், அதன் அடியில் பெரும்பாலும் வடிகால் இருக்காது. ஒரு சதுரச் சரளைப் படுகையோ சிமென்ட் பலகையோ இருந்தால், அது கேனிலிருந்து சிந்தும் ஒன்றிரண்டு குவளைத் தண்ணீரை உறிஞ்சத்தான். எண்ணெயும் சோப்பும் பருக்கையும் கலந்த வாளித் தண்ணீரை உறிஞ்ச அல்ல. ஆகவே மூன்று வேலைக்கு மூன்று இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் பிடிப்பது குழாயில், கழுவுவது உங்கள் கூடாரத்தருகே, கழுவிய தண்ணீரைக் கொட்டுவது அதற்கென்று ஒதுக்கிய இடத்தில். இதற்குமேல் சொல்லப்போவதெல்லாம் இந்த மூன்றின் விவரம்தான்.

அந்தக் குழாயின் அடியில் என்ன இருக்கிறது

உறைபனி விழும் இடங்களில் உள்ள முகாம்களில், இடுப்பளவு உயரத்தில் நேராக நிற்கும் இரும்புக் குழாயைப் பார்த்திருப்பீர்கள். தலையில் தூக்கி இறக்கும் கைப்பிடி இருக்கும். அதன் வால்வு தரைக்கு மேலே இல்லை. குளிரில் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே புதைந்திருக்கிறது. கைப்பிடியைத் தூக்கினால் உள்ளே ஓடும் நீளமான கம்பி வால்வைத் திறக்கும். இறக்கினால் வால்வு மூடிக்கொள்ளும், கூடவே அதன் அருகில் ஒரு சிறிய துளை திறக்கும். நிற்கும் குழாயில் மிஞ்சியிருக்கும் தண்ணீர் அந்தத் துளை வழியே அடியில் உள்ள சரளைக்குள் வடிந்துவிடும். குழாய் காலியாக இருப்பதால் குளிரில் உறைந்து வெடிக்காது.

இந்தத் துளையைப் பற்றித் தெரிந்தவர் குழாயடியில் ஒருநாளும் கழுவிய தண்ணீரைக் கொட்டமாட்டார். மேலே கொட்டுவது சரளை வழியே இறங்கி அந்தத் துளை இருக்கும் இடத்துக்கே போகிறது. நாள்தோறும் இருபது குடும்பம் கொட்டினால் சரளையின் இடுக்குகளில் கொழுப்பும் சோப்பும் படிந்து அடைத்துவிடும். பிறகு நிற்கும் குழாயிலிருக்கும் தண்ணீர் வடிய இடமிருக்காது. வெளியே தேங்கிய அழுக்குத் தண்ணீரும் அதே துளை வழியாக உள்ளே ஏறக்கூடும். அடுத்தவர் கைப்பிடியைத் தூக்கும்போது முதலில் பாட்டிலில் விழுவது அதுதான்.

அதே துளையால் இன்னொரு விதியும் உண்டு. இந்த வகைக் குழாயை முழுதாகத் திறக்க வேண்டும் அல்லது முழுதாக மூட வேண்டும். மெல்லிய ஒழுக்கு போதும் என்று கைப்பிடியைப் பாதியில் நிறுத்தினால், வால்வு திறந்திருக்கும், துளையும் முழுதாக அடைபட்டிருக்காது. அழுத்தத்தோடு வரும் தண்ணீர் மண்ணுக்குள்ளேயே பீய்ச்சி, குழாயைத் தாங்கும் மண்ணை அரித்துக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சில வாரத்தில் குழாய் ஆடத் தொடங்கும்போதுதான் தெரியும். கைப்பிடியை இறக்கிய பிறகும் நாலைந்து நொடி தண்ணீர் சொட்டுவது இயல்பே. அதைப் பார்த்துக் கைப்பிடியை மேலும் முரட்டுத்தனமாக அழுத்த வேண்டாம். உள்ளிருக்கும் ரப்பர் தேய்ந்துபோகும்.

குளிர்காலத்தில் இதில் ஹோஸ் மாட்டி அப்படியே விட்டுப் போகிறவர்கள் உண்டு. ஹோஸில் நிற்கும் தண்ணீர் தடுப்பதால் நிற்கும் குழாய் காலியாகாது. ஓர் இரவில் உறைந்து பிளந்துவிட்டால் மொத்த வளைவுக்கும், அதாவது முகாமின் அந்தச் சுற்றுப்பாதையோரக் கூடார இடங்கள் எல்லாவற்றுக்கும், தண்ணீர் இல்லை.

கைப்பம்பு இருக்கும் முகாம்களில் ஆபத்து இன்னும் நேரடியானது. பம்பின் நேர் கீழே கிணறு இருக்கிறது. சுற்றிலும் போட்ட சிமென்ட் தளத்தில் விரிசல் இருந்தால், அங்கே கழுவும் தண்ணீர் கிணற்றை நோக்கியே கசியும்.

அழுத்தினால் ஓடித் தானாக நிற்கும் பித்தான் குழாய்களில் கல்லையோ குச்சியையோ செருகிவைக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். பித்தானின் வில் வலுவிழந்தபின் குழாய் ஓயாமல் ஒழுகும், அடியில் எப்போதும் சகதிதான்.

பிடிக்கும்போது

தேவையானது மிகக் கொஞ்சம்: 10 லிட்டர் கேன் இரண்டு. 20 லிட்டர் கேன் ஒன்று வாங்கத் தோன்றும். நிரம்பினால் அது 20 கிலோ, ஒரு கையில் சாய்ந்தபடி தூக்கவேண்டும். இரண்டு பத்தென்றால் இரண்டு கைக்கும் சமம். ஒன்றின் அடியில் சின்னத் திருகுக் குழாய் இருந்தால் மிக நல்லது. அதை மேசை விளிம்பில் வைத்து, கீழே ஒரு பேசின் வைத்தால், உங்கள் இடத்திலேயே கைகழுவும் இடம் அமைந்துவிடும். பொதுக் குழாய்க்கு ஓடும் தடவைகளில் பாதி இதனாலேயே குறையும்.

குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 அல்லது 8 லிட்டர் என்று கணக்கு வைத்தால் சரியாக வரும். வெயில் காலத்தில் இன்னும் இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேனை நிரப்பும் முன் சில நொடி தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், குறிப்பாகக் காலையில் முதல் ஆளாகப் போனால். அந்தத் தண்ணீரைத் தரையில் விடாமல் கழுவும் வாளியில் பிடித்தால் வீணாகாது.

குழாயின் மூக்குக்கும் பாட்டிலின் வாய்க்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். வாய் வைத்துக் குடித்த பாட்டிலைக் குழாயின் மூக்கில் செருகிப் பிடிப்பது, அடுத்தவருக்கு உங்கள் எச்சிலைக் கொடுப்பதற்குச் சமம். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பைகளில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. பையின் அகன்ற வாய் துவண்டு தானாகவே மூக்கைச் சுற்றிக்கொள்ளும். ஒரு கையால் வாயை விரித்துப் பிடித்து, மற்றக் கையால் குழாயைத் திறங்கள். நாய்க்கும் அப்படித்தான்: கிண்ணத்தில் பிடித்து, குழாயை விட்டுத் தள்ளிவந்து வைக்க வேண்டும்.

மூக்கில் திருகு மரை இருக்கும் குழாய்களில், விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் துண்டு மாட்டியிருப்பதைக் காணலாம். சில நேரம் அதிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பீறிடும். அது பழுது என்று நினைத்துக் கழற்றிவிடுகிறார்கள். அது தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்படாமல் காக்கும் தடுப்பு. குழாயில் மாட்டிய ஹோஸின் முனை ஓர் அழுக்கு வாளியில் மூழ்கிக் கிடக்கும்போது, வேறெங்கோ குழாய் உடைந்து அழுத்தம் விழுந்தால், வாளித் தண்ணீர் பின்னோக்கிப் போய்க் குடிநீர்க் குழாய்க்குள் புகும். அந்தப் பித்தளைத் துண்டு காற்றை உள்ளே விட்டு அந்த உறிஞ்சலை முறிக்கிறது. அதைத் தொடவே கூடாது. ஹோஸின் முனையை எந்தப் பாத்திரத்திலும் மூழ்கவிடவும் கூடாது.

வண்டி வீட்டில் (உள்ளேயே தங்கிச் சமைக்கும் கேரவனில்) வருகிறவர்கள் தொட்டி நிரப்பும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 150 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 10 லிட்டர் விடும் குழாயில் நிரம்ப கால் மணி நேரம் ஆகும். காலை, மாலைச் சமையல் நேரத்தில் அது பெரிய வரிசையை உண்டாக்கும். நடுப்பகலில் செய்யலாம். யாராவது ஒற்றைப் பாட்டிலோடு வந்து நின்றால் ஹோஸைக் கழற்றி அவருக்கு வழிவிடுங்கள், அரை நிமிட வேலை. குடிநீருக்கான ஹோஸும் கழிவுத் தொட்டி அலசும் ஹோஸும் நிறத்தாலேயே வேறாக இருக்கட்டும், வண்டியில் ஒரே பெட்டிக்குள் சுருட்டி வைக்க வேண்டாம். கழிவுத் தொட்டி காலிசெய்யும் இடத்திலும் ஒரு குழாய் இருக்கும். அது அலசுவதற்கு மட்டும். நேற்று அதைத் தொட்ட கை எந்தக் கழிவுக் குழாயைப் பிடித்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. அங்கே ஒரு பாட்டில்கூட நிரப்பக் கூடாது.

கூடாரமிடும் இடங்கள் சில, குழாய்க்கு மிக அருகில் இருக்கும். அங்கே தங்குகிறவர் குழாயைத் தன் முற்றமாக்கி நாற்காலி போடக் கூடாது. மற்றவர்களும் குறுக்குவழி என்று அவர் இடத்தின் ஊடே நடக்கக் கூடாது. இரவு பத்துக்குமேல் கேன் நிரப்புவதைத் தவிர்ப்பது நல்லது. காலிக் கேனில் விழும் தண்ணீரின் சத்தம், கைப்பம்பின் கிறீச்சொலி இரண்டும் கூடாரத் துணிக்குள் அப்படியே கேட்கும்.

கழுவும் தண்ணீரைக் குறைப்பது

கொட்டுவதில் வரும் சிக்கல் முழுவதும் கழுவும் முறையில்தான் பிறக்கிறது. திறந்துவிட்ட குழாயின் கீழ் நாலு நிமிடம் கழுவினால் 40 லிட்டர் போகிறது. நாலு பேர் சாப்பிட்ட தட்டு, குவளை, ஒரு சட்டி, ஒரு வாணலி எல்லாவற்றையும் பேசினில் 7 லிட்டரில் முடிக்கலாம். 7 லிட்டரைச் சுமந்துபோய் உரிய இடத்தில் கொட்டிவிட முடியும். 40 லிட்டரை முடியாது.

தண்ணீரைத் தொடுமுன் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது, அதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மெல்லிய சிலிக்கான் கரண்டியால் தட்டையும் சட்டியையும் சுத்தமாக வழித்தெடுங்கள். வழித்தது குப்பைப் பைக்குள். பிறகு வாணலியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைக் காகிதத்தால் துடைத்தெடுங்கள். மிஞ்சிய கொழுப்பு கால் டம்ளருக்குமேல் இருந்தால் காலி டப்பாவில் ஊற்றி, ஆறி உறைந்தபின் மூடிக் குப்பையில் போடுங்கள்.

துடைப்பதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. சூடான சோப்புத் தண்ணீரில் கொழுப்பு உருகிக் கரைந்துவிடும். எவ்வளவு நைசான சல்லடையில் வடித்தாலும் அது சல்லடைக்குள் நிற்காது, கீழே போய்விடும். கீழே குளிர்ந்த சரளையையோ மண்ணையோ தொட்டதும் மறுபடி உறையும். கழுவுநீர்க் குழிகள் அடைபடுவது பெரும்பாலும் பருக்கையால் அல்ல, இப்படி உறைந்த கொழுப்பால்தான். நன்றாகத் துடைத்த வாணலியைக் கையில் எடுத்தால் விரல் வழுக்காது. வழுக்கினால் இன்னொரு காகிதம் வேண்டும் என்று பொருள்.

அதன்பின் மூன்று பேசின். முதலாவதில் 3 லிட்டர், கை பொறுக்கும் சூட்டில். அதில் பாத்திரச் சோப்பு 5 அல்லது 6 சொட்டு. அதற்குமேல் சோப்பு போட்டால் அழுக்கு கூடுதலாகப் போகாது, அலசத்தான் கூடுதல் தண்ணீர் வேண்டியிருக்கும். இரண்டாவதில் 2 லிட்டர் சுத்தமான தண்ணீர், சோப்புப் போக. மூன்றாவதில் 2 லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் மணமில்லாத பிளீச். புட்டியில் 5 முதல் 6 சதவீதம் என்று போட்டிருந்தால் இரண்டரை மில்லி, அதாவது அரைத் தேக்கரண்டி. 8 சதவீதம் என்றால் ஒன்றரை மில்லி. இது சுமார் 60 முதல் 75 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் அத்தனை பங்கு குளோரின்) அளவுக்கு வரும். பாத்திரத்தை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, துடைக்காமல் காற்றில் காயவிட வேண்டும். நாள் முழுதும் தோளில் கிடந்த துண்டால் துடைத்தால், மூன்றாவது பேசினில் செய்த வேலை அத்தனையும் வீண்.

மூன்றாவது தண்ணீரைச் சுடவைக்காதீர்கள். சூட்டில் குளோரின் ஆவியாகிவிடும். முதல் பேசினிலேயே பிளீச்சை ஊற்றுவதும் பயனற்றது. சோற்றுத் துணுக்கும் பிசுக்கும் குளோரினைத் தின்றுவிடும். பிளீச்சோடு வினிகரையோ அம்மோனியா கலந்த எதையுமோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

கழுவும் வரிசையும் முக்கியம்: குவளை, கரண்டி, தட்டு, கடைசியில் சட்டி, வாணலி. வரிசை மாறினால் வாணலியின் பிசுக்கு எல்லாவற்றிலும் ஏறி, முதல் பேசினை நடுவிலே மாற்ற நேரும். இரண்டு பேர் மட்டும் என்றால் பேசின்கூட வேண்டாம். அரை லிட்டர் தெளிப்புப் புட்டியில் சுடுநீரும் இரண்டு சொட்டுச் சோப்பும் கலந்து, தட்டில் தெளித்து, துடைத்து, ஒரு குவளைத் தண்ணீரில் அலசினால் போதும்.

முகாமில் ஒருவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டால் கணக்கு மாறும். இப்படி வாந்தியும் போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸ் என்ற கிருமி மிகச் சில துகள்களிலேயே தொற்றும், கைக்குத் தடவும் ஆல்கஹால் ஜெல் அதற்குச் சரியாகக் கேட்காது, மேலே சொன்ன பிளீச் அளவும் போதாது. கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுவதுதான் வழி. உடம்புக்கு முடியாதவரும் அவரைக் கவனிப்பவரும் பொதுக் குழாயின் கைப்பிடியைத் தொடக் கூடாது. வேறொருவர் தண்ணீர் கொண்டுவந்து தரட்டும். குழாய்க் கைப்பிடி முகாமில் எல்லாருடைய கையும் படும் பொருள்.

எங்கே கொட்டுவது

முதலில் வடிகட்ட வேண்டும். பேசினை ஐந்து நிமிடம் அசைக்காமல் விடுங்கள், துணுக்குகள் அடியில் படியும். பிறகு மாவு சலிக்கும் நைசான சல்லடையை வாளியின் வாயில் வைத்து, மேல் தண்ணீரை முதலில் ஊற்றி, அடி வண்டலைக் கடைசியாக ஊற்ற வேண்டும். கலக்கி ஒரேயடியாகக் கவிழ்த்தால் சல்லடை உடனே அடைத்து, தண்ணீர் விளிம்பில் வழிந்து துணுக்கோடு கீழே போகும். தேநீர் வடிகட்டி இதற்குச் சிறியது. 15 முதல் 20 சென்டிமீட்டர் அகலமாவது வேண்டும். சல்லடை இல்லையென்றால் பருத்திக் கைக்குட்டையை வாளியின் வாயில் கட்டியும் வடிக்கலாம், கொஞ்சம் நேரமாகும். சல்லடையில் நின்றது குப்பைப் பைக்கு. கரடி நடமாடும் பகுதியில் அந்தப் பையும் உணவுதான். கரடி திறக்க முடியாத பெட்டிக்குள் போக வேண்டும், கூடாரத்துக்குள் வரக் கூடாது.

வடித்த தண்ணீரை எடுத்துப் போக இடம் தேடும் வரிசை இது. முகாமில் பாத்திரம் கழுவும் தொட்டி தனியாக இருந்தால் அங்கேதான். அடுத்தது கழுவுநீர்க் குழி: தரையில் வலை மூடிய, உள்ளே கல் நிரப்பிய குழி, சில முகாம்களில் குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும், அறிவிப்புப் பலகையும் இருக்கும். மெதுவாக ஊற்ற வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் காவலரிடமோ முகாம் பொறுப்பாளரிடமோ கேளுங்கள். தண்ணீர் ஊற்றிப் போகும் கழிப்பறையில் வடித்த தண்ணீரைக் கொட்டச் சில முகாம்கள் சொல்லும், சில தடுக்கும். காரணம் அங்குள்ள கழிவுத் தொட்டியின் கொள்ளளவு. ஊகிக்காமல் கேட்பதே முறை.

கழிப்பறையில் கைகழுவும் பேசினில் மட்டும் பாத்திரம் கழுவக் கூடாது. அதன் அடியில் வளைந்த குழாய் கைகழுவும் தண்ணீருக்கு அளவெடுத்தது. சோறும் நூடுல்ஸும் அந்த வளைவில் ஊறி உப்பி நிற்கும். தண்ணீர் ஊற்றாத, அடியில் தொட்டி உள்ள கழிப்பறைகளும் இதற்கு ஏற்றவை அல்ல. அந்தத் தொட்டியில் போவது எங்கும் வடியாது, லாரி வந்து உறிஞ்சும்வரை அங்கேயே நிற்கும். ஒவ்வொரு குடும்பமும் நாளுக்கு இரண்டு வாளி ஊற்றினால், பருவம் முடியுமுன்னே நிரம்பிவிடும். மக்க வைக்கும் கழிப்பறையில் ஊற்றினால் ஈரம் கூடி, மக்குவதே நின்று நாற்றமெடுக்கும்.

அடுப்புக்குழியில் ஊற்றி நெருப்பை அணைப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். அதில் போகும் பருக்கையும் கொழுப்பும் எரியாது, சாம்பலோடு குழைந்து நிற்கும். இரவில் ஏதாவது விலங்கு வந்து குழியைக் கிளறும், அடுத்து வருகிறவர் அந்தச் சேற்றில்தான் நெருப்பு மூட்டவேண்டும். நெருப்பை நல்ல தண்ணீரால் அணையுங்கள். கூடாரத்துக்குப் பின்னால் புதரில் வீசுவதும் அப்படியே. ஒரே புதரில் பருவம் முழுக்க நூறு குடும்பம் வீசினால், அங்கே வரும் எலியும் எறும்பும் உங்களோடு போகாது, அடுத்தவருக்கு மிஞ்சும். வண்டி வீட்டுக்காரர்கள் கழுவுநீர்த் தொட்டியின் வால்வைக் கொஞ்சம் திறந்து தரையில் சொட்டவிடுவதும் இதே குற்றம். பல இடங்களில் சட்டப்படியும் குற்றம்.

வசதி எதுவும் இல்லாத காட்டு முகாமில் முறை வேறு. ஆறு, ஏரி, ஓடை, பாதை, கூடாரம் எல்லாவற்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். இயற்கையில் தடம் விடாமல் தங்கக் கற்றுத்தரும் லீவ் நோ டிரேஸ் அமைப்பு 200 அடி என்று சொல்வது இதைத்தான். பெரியவர் நடையில் சுமார் 70 அடிவைப்பு. எண்ணிக்கொண்டே நடந்து பாருங்கள், நினைப்பதைவிடத் தூரமாக இருக்கும். அங்கே வடித்த தண்ணீரை ஒரே இடத்தில் கொட்டாமல், வாளியை வீசி அகலமாகத் தெளிக்க வேண்டும். மெல்லிய படலமாக விழுந்தால் வெயிலில் காயும், மண்ணிலுள்ள பாக்டீரியா மிச்சத்தைத் தின்னும், மணமும் ஒரே இடத்தில் தங்காது. அடுத்த வேளைக்கு வேறு திசை.

பனி மூடிய நிலத்தில் இது தலைகீழ். தெளித்தால் மஞ்சளும் பழுப்புமாகப் பனிமேல் பரவிக் கிடக்கும், மண்ணும் இல்லை, பாக்டீரியாவும் வேலை செய்யாது. அங்கே எல்லாருக்கும் பொதுவாக ஒரே குழி, வடித்த தண்ணீர் முழுதும் அதில்.

விதிவிலக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும், இடத்துக்கு இடம் விதி ஏன் மாறுகிறது என்று புரிய. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கொலராடோ ஆற்றில் படகில் போகிறவர்கள், பாத்திரம் கழுவிய தண்ணீரை வடிகட்டி ஆற்றின் ஓட்டத்திலேயே ஊற்ற வேண்டும். அங்கே தங்க இருப்பது சின்னச் சின்ன மணல்திட்டுகள். எல்லாரும் அவற்றிலேயே தங்குகிறார்கள். வறண்ட மணலில் எதுவும் எளிதில் மக்காது. ஆறோ மிகப் பெரியது. இதைப் படித்துவிட்டு ஒரு மலை ஓடையில் அப்படிச் செய்தால் கேடு. போகும் இடத்தின் விதியை முன்கூட்டியே படித்துப் போவதுதான் சரி.

மக்கும் சோப்பு என்ற சொல் உண்டாக்கும் தவறான தைரியம் பற்றிக் கடைசியாக. அது மக்குவது மண்ணில், பாக்டீரியாவின் உதவியோடு. ஆற்றில் கலந்தால் அது சோப்பாகவே இருக்கும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும், அதன்மேல் நடக்கும் பூச்சிகள் மூழ்கும், மீன்களின் செவுளைக் காக்கும் வழவழப்புப் படலம் கரையும். எந்தச் சோப்பானாலும் 60 மீட்டர் விதிதான். அந்தச் சோப்பு கையிலிருந்தாலும் குழாயடியில் குளிக்கவோ துணி அலசவோ தலை கழுவவோ கூடாது.

பல் துலக்குவது, மீன் சுத்தம் செய்வது இரண்டும் குழாயடியை விட்டு விலகியே. பற்பசை நுரையை உங்கள் கழுவுநீர் வாளியில் துப்பிவிடலாம். மீனுக்கு அதற்கான மேடை இருந்தால் மட்டும். குடல், செதில் எதுவும் குழாயின் சரளைக்குள் போனால் வாசனையைக் கழுவி எடுக்கவே முடியாது.

அடுத்தவர் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தால்

பெரும்பாலோருக்கு வேறு இடம் இருப்பதே தெரியாது, அவர்களிடம் பேசினும் இருக்காது. “இங்கே கழுவக் கூடாது” என்று தொடங்கினால் பேச்சு சண்டையில் முடியும். “கழுவுறதுக்குத் தனி இடம் அந்தப் பக்கம் இருக்குங்க, பேசின் வேணும்னா எங்ககிட்ட ஒண்ணு இருக்கு, எடுத்துக்கோங்க” என்றால் பத்தில் ஒன்பது பேர் எழுந்துவிடுவார்கள். மடக்கும் பேசின் ஒன்றைக் கூடுதலாக எடுத்துப்போவது இதற்காகவே. அப்படியும் கேட்காதவரிடம் மல்லுக்கு நிற்காமல் பொறுப்பாளரிடம் சொல்லிவிடலாம்.

கழுவுநீர்க் குழியில் தண்ணீர் இறங்காமல் மேலே நின்றால் அதில் இன்னும் ஊற்றாதீர்கள். தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும். குச்சியால் குத்திப் பார்ப்பதால் பயனில்லை, அடைப்பு கல்லுக்கடியில் இருக்கிறது. எந்த வளைவு, எந்தக் குழாய்க்கருகே என்று பொறுப்பாளரிடம் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். குழாய் ஒழுகினாலும் ஆடினாலும் அப்படியே.

கிளம்பும் காலையில் கடைசிப் பேசினைக் கொட்டியபின், வாளியில் ஒட்டிய பிசுக்கைக் காகிதத்தால் துடைத்து, அந்தக் காகிதத்தையும் குப்பைப் பையில் போடுங்கள். சல்லடையைத் தட்டி, மீதமிருக்கும் பிளீச் தண்ணீரில் ஒருமுறை முக்கி, வெயிலில் காயவைத்தபின் பையில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் அடுத்த பயணத்துக்குள் பூசணம் பிடித்திருக்கும். குடிநீர்க் கேனில் மிஞ்சிய நல்ல தண்ணீரால் அடுப்புக்குழியை இன்னொரு தரம் நனைத்து, உள்ளங்கையை மேலே பிடித்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேனை மூடியைத் திறந்தபடியே கவிழ்த்து வண்டியில் ஏற்றலாம்.